நூலகத்தின் பெயரில் வேறொருவர் நடத்தும் தளம்: விடுவதா, கைகோர்ப்பதா, எடுக்கச் சொல்வதா?

ஒரு பொது நூலகத்தின் பெயரைத் தேடுபொறியில் தட்டிப் பாருங்கள். நூலகத்தின் சொந்தத் தளத்தோடு நூலகத்துக்குச் சம்பந்தமில்லாத பக்கங்களும் வந்து நிற்கும். விளம்பரம் நிறைந்த முகவரிப் பட்டியல் ஒன்று, வாசகர் ஒருவர் ஆசையாகத் தொடங்கிப் பாதியில் விட்ட தளம் ஒன்று, யார் திறந்தது என்றே தெரியாத ஃபேஸ்புக் பக்கம் ஒன்று என்று இருக்கும். நிர்வாகக் குழுவில் இதைக் காட்டினால் உடனே வரும் கேள்வி, “நம் பெயரை இவர்கள் எப்படிப் போடலாம்?”

அங்கே தொடங்கினால் வழி தவறிவிடும். பெயர் யாருடையது என்ற வாதம் வழக்கறிஞரிடம்தான் போய் முடியும், அந்தக் களத்தில் பொது நூலகத்தின் கை பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் கேட்க வேண்டியது வேறு: அந்தத் தளத்தை நம்பிப் போகிற வாசகர் எதை இழக்கிறார்? நேரத்தையா, பணத்தையா, உறுப்பினர் எண்ணையும் ரகசிய எண்ணையுமா, அல்லது ஒன்றையுமே இல்லையா? இந்த விடையைப் பொறுத்துத்தான் கீழே வரும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் அரை நாள் கணக்கெடுப்பு

எத்தனை தளங்கள் இருக்கின்றன என்று தெரியாமல் முடிவெடுக்க முடியாது. உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் ஒருமுறையும் கைபேசியில் ஒருமுறையும் தேடுங்கள். நூலகத்தின் முழுப்பெயர், சுருக்கப்பெயர், பழைய பெயர், மக்கள் வழக்கமாகச் செய்யும் எழுத்துப்பிழை எல்லாவற்றையும் போட வேண்டும். பெயரோடு ‘நேரம்’, ‘உறுப்பினர்’, ‘புதுப்பித்தல்’ போன்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். மோசடித் தளங்கள் குறிவைப்பது இந்தச் சொற்களைத்தான். வரைபடச் சேவைகளையும் செயலிக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள்.

தேடலில் இன்னும் ஏறாத தளங்களைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. உலாவிகள் நம்பும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் பதிவாகின்றன. ‘சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி’ எனப்படும் இந்தப் பதிவேடுகளை யாரும் தேடிப் பார்க்கலாம். நூலகத்தின் பெயரை அங்கே போட்டால், நேற்றுத் தொடங்கிய போலி டொமைன்கூட (தளத்தின் முகவரிப் பெயர்) சிக்க வாய்ப்பிருக்கிறது.

கிடைத்ததை ஒரு விரிதாளில் ஏற்றுங்கள்: முகவரி, நடத்துபவர், உள்ள பிழை, வாசகரிடம் எதையாவது நிரப்பச் சொல்கிறதா, பணம் கேட்கிறதா, கடைசியாக எப்போது மாறியது. டொமைன் விவரத்தை, பதிவு விவரங்களைக் காட்டும் ஆர்டிஏபி தேடலில் எடுக்கலாம். .com, .org போன்ற பொது வகை டொமைன்களுக்கு 2025 ஜனவரி முதல் ஹூயிஸ் என்ற பழைய தேடல் கட்டாயமில்லை, ஆர்டிஏபிதான் அதன் இடத்தில் இருக்கிறது. 2018-இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி வந்ததிலிருந்து உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். பரவாயில்லை. பதிவான தேதி, காலாவதி தேதி, பதிவு நிறுவனம், புகார் மின்னஞ்சல் இந்த நான்கும் போதும். இவற்றில் பதிவான தேதி நிறையச் சொல்லிவிடும். பன்னிரண்டு வருடப் பழைய தளம் அநேகமாக ஒரு புத்தகப் பிரியருடையது. மூன்று வாரத்துக்கு முன் பதிவாகி, ‘தாமதக் கட்டணம் செலுத்த’ என்று பொத்தான் வைத்திருக்கும் தளம் அப்படிப்பட்டதல்ல.

யாருக்கும் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முகவரிப் பட்டை தெரிய வேண்டும், தேதியும் நேரமும் கோப்பின் பெயரில் இருக்க வேண்டும். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைக் காக்கும் வேபேக் மெஷினிலும் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். கடிதம் போனபின் பக்கம் மாறிவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

விட்டுவிடுவது

நூலகத்தின் வரலாற்றை எழுதும் தளம், வாசகர் வட்டத்தின் தளம், பழைய படங்களின் தொகுப்பு, நிர்வாகத்தைக் காய்ச்சி எடுக்கும் தளம், இவற்றுக்கெல்லாம் இதுதான் சரியான வழி. விமர்சனத் தளத்தை நீக்கச் சொல்லும் நூலகம் அந்த விமர்சனத்துக்குத் தானே மேடை போட்டுக் கொடுக்கிறது. வாசிப்புச் சுதந்திரத்துக்காக இருக்கும் பொது அமைப்பு ஒருவர் வாயை அடைக்கப் பார்க்கிறது என்ற பெயர், தப்பாகப் போட்ட நேரத்தைவிடப் பெரிய சேதம்.

ஆனால் விடுவது வேறு, மறப்பது வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரிதாளைத் திறந்து அந்தத் தளங்களைப் பார்க்க வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து ஒன்று உண்டு. நல்ல எண்ணத்தில் நடந்த தளத்தின் டொமைன் காலாவதியாகும், சூதாட்ட விளம்பரக்காரர் ஒருவர் அதை வாங்குவார், நூலகத்தின் ‘பயனுள்ள இணைப்புகள்’ பக்கமோ இன்னும் அங்கேயே வாசகரை அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியே போகும் இணைப்புகளைச் சோதிக்காத நூலகத்துக்கு இது நடந்தே தீரும்.

நம் வீட்டைச் சரிசெய்வது

மற்ற எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை முதலில் செய்யுங்கள். செலவு ஒருவரின் இரண்டு மூன்று நாள் வேலைதான். எதிர்ப்பக்கத்தில் யாரும் பதில் போடாவிட்டாலும் பலன் கிடைக்கும் ஒரே வழி இது.

பட்டியல் தளங்களில் தவறான நேரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அவை வேறோர் இடத்தில் இருந்ததை எடுத்துப் போட்டவை. அதனால் ஊற்றில் சரிசெய்ய வேண்டும். நூலகத்தின் நேரப் பக்கம் என்றும் மாறாத ஒரே முகவரியில், சாதாரண எழுத்தாக இருக்கட்டும். அறிவிப்புப் பலகையைப் படமெடுத்துப் போட்டிருந்தாலோ பிடிஎஃப் கோப்பாக ஏற்றியிருந்தாலோ தேடுபொறியும் படிக்கத் திணறும், பார்வையற்றோரின் திரைவாசிப்பானும் திணறும். அந்தப் பக்கத்தில், தேடுபொறிகள் புரிந்துகொள்ளும் குறியீடான ஸ்கீமா தரவைச் சேருங்கள். அதில் ‘லைப்ரரி’ என்றே ஒரு வகை இருக்கிறது, வார நேரத்தையும் விடுமுறை நாள்களையும் தனித்தனியே குறிக்கலாம். பிறகு கூகுள் வணிகச் சுயவிவரத்தை நூலகத்தின் கணக்கில் கொண்டுவாருங்கள். வேறு யாரோ அதை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தால் உரிமை கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு. யாரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திறப்பு நேரத்தையும், விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கிடேட்டாவில் அதிகாரபூர்வத் தளம் என்ற பண்பையும் திருத்துங்கள். இந்த இரண்டிலிருந்தும் தரவை எடுத்துப் பயன்படுத்தும் தளங்களும் செயலிகளும் ஏராளம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாசகர் ஒருவர் நடத்தும் தளம் நூலகத்தின் தளத்தைவிட மேலே வருகிறது என்றால், நூலகத்தின் தளத்தில் எது குறை என்பதை யாரோ சம்பளம் வாங்காமல் எழுதிக் காட்டியிருக்கிறார் என்று பொருள். புதுவரவுப் பட்டியலா, கைபேசியில் படிக்கும் வசதியா, கிளைகளின் தொலைபேசி எண்ணா? வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் தந்த நான்காம் விதி இங்கேயும் செல்லும்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. தேடல் முடிவுகள் மாற வாரக்கணக்கில் ஆகலாம். மோசடிக்காரனை இது தடுக்கவே தடுக்காது.

எழுதித் திருத்தம் கேட்பது

தவறான நேரம், பழைய தொலைபேசி எண், அதிகாரபூர்வத் தளம் போன்ற தோற்றம் என வாசகரின் நேரம் மட்டும் வீணாகும் இடங்களுக்கு இது. கடிதம் சிறியதாக, பெயர் சொல்லும் ஒரு நூலகரிடமிருந்து போக வேண்டும். சட்டப்பிரிவின் முகப்புத்தாளில் போனால் எதிர்ப்பக்கம் உடனே தற்காப்புக்குப் போய்விடும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். எங்கள் நூலகத்தைப் பற்றி நீங்கள் பராமரிக்கும் பக்கத்தைப் பார்த்தோம். அதில் சனிக்கிழமை மாலை 6 மணி வரை திறந்திருப்பதாக இருக்கிறது. இப்போது 2 மணிக்கே மூடுகிறோம். நேரத்தை நீக்கிவிட்டு எங்கள் நேரப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால், இனி நீங்கள் திருத்த வேண்டிய தேவையே வராது. இது நூலகத்தின் அதிகாரபூர்வத் தளம் அல்ல என்ற ஒரு வரியை ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் சேர்க்க முடியுமா? ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நேராக எனக்கு எழுதுங்கள்.”

‘மேலே’ என்பதும் ‘ஒவ்வொரு பக்கத்திலும்’ என்பதும் காரணத்தோடுதான். தேடலிலிருந்து வருகிறவர் முகப்பு வழியாக நுழைவதில்லை, நேராக உள்பக்கத்தில் இறங்குகிறார். அடிக்குறிப்பில் சிற்றெழுத்தில் இருக்கும் பொறுப்புத் துறப்பை யாரும் பார்ப்பதில்லை. நேரத்தைத் திருத்தச் சொல்வதைவிட இணைப்பாக மாற்றச் சொல்வதும் அப்படித்தான். திருத்திய நேரம் அடுத்த விடுமுறைக் காலத்தில் மறுபடி பழசாகிவிடும்.

பத்து நாள் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள். தளத்தில் முகவரியே இல்லையென்றால், மறைக்கப்பட்ட உரிமையாளருக்குச் செய்தி அனுப்பப் பதிவு நிறுவனத்தில் ஒரு படிவமோ மாற்று மின்னஞ்சலோ இருக்கும். இரண்டாவதுக்கும் பதில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இந்த வழி சறுக்குவது பெரும்பாலும் நம் பக்கத்தில்தான். ஒரே கடிதத்தில் சின்னத்தை எடு, படத்தை எடு, பெயரை மாற்று என்று ஏழு கோரிக்கை அடுக்குவார்கள். அல்லது யாரும் திறக்காத பொதுப் பெட்டியிலிருந்து கடிதம் போகும், வந்த பதில் மூன்று மாதம் கிடக்கும்.

கைகோர்ப்பது

தளம் உயிரோடு இருக்கிறது, நடத்துபவருக்கு அக்கறையும் தொழில்நுட்ப அறிவும் இருக்கிறது, வாசகர்களும் போகிறார்கள் என்றால் திருத்தம் கேட்பதோடு நிறுத்துவது நஷ்டம். தரவைக் கொடுங்கள். நிகழ்ச்சிகளுக்கு ஐகால் என்ற நாள்காட்டி ஓடை, புதுவரவுக்கு ஆர்எஸ்எஸ் என்ற செய்தி ஓடை, நூல்பட்டியல் விவரத்துக்கு அதை மொத்தமாக எடுத்துக்கொள்ள உதவும் ஓஏஐ-பிஎம்எச் முறை அல்லது இரவில் ஒருமுறை உருவாகும் ஒரு கோப்பு. கோஹா போன்ற நூலக மென்பொருளில் ஓஏஐ-பிஎம்எச் வசதி உள்ளேயே இருக்கிறது, இயக்கிவிட்டால் போதும். கொடுக்காவிட்டால் அவர்கள் இணையப் பட்டியலைச் சுரண்டி எடுப்பார்கள். நிமிடத்துக்கு நூறு தேடல் போடும் நிரல் ஒன்று பட்டியலின் வேகத்தையே கெடுத்துவிடும். தடுத்தால் வேறு ஐபி முகவரியிலிருந்து வரும். ஒரு கோப்பைக் கொடுத்தால் அந்தச் சண்டையே இல்லை.

விட்டுக்கொடுக்கக் கூடாத கோடு ஒன்று: உறுப்பினர் எண்ணையும் ரகசிய எண்ணையும் வெளித்தளம் கேட்கக் கூடாது, நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். எண்ணும் ரகசிய எண்ணும் ஒருவர் கையில் இருந்தால் இரவல் விவரம், முகவரி, நிலுவை எல்லாம் அவர் கையில். பல நூலகங்களில் ரகசிய எண் நான்கே இலக்கம், அதையே வாசகர் வேறு இடங்களிலும் வைத்திருப்பார். வெளித்தளத்திலிருந்து கசிந்தால் நூலகத்துக்குத் தெரியவே தெரியாது, பழி மட்டும் நூலகத்தின் தலையில் விழும். ‘எத்தனை புத்தகம் நிலுவை’ என்று காட்டும் வசதி வேண்டுமென்றால், வெளித்தளத்துக்கு ரகசிய எண்ணைக் கொடுக்காமல், நூலகத்தின் நுழைவுப் பக்கத்திலேயே வாசகர் அனுமதி கொடுத்துத் திரும்பும் ஓஆத் முறை இருக்க வேண்டும். நம் மென்பொருளில் அது இல்லையா? அப்படியானால் அதிகாரபூர்வ நுழைவுப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு, அவ்வளவுதான்.

ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். நூலகத்தின் பெயரை எப்படிப் போடலாம், சின்னம் போடலாமா, உறுப்பினர் தரவு இல்லை என்ற உறுதி, பிழை சொன்னால் எத்தனை நாளில் திருத்துவார், நிறுத்தப்போகிறார் என்றால் எவ்வளவு முன்னதாகச் சொல்வார் என்பதெல்லாம் வர வேண்டும். கடைசி அம்சத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தன்னார்வலருக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆர்வம் வடியும். தளத்தின் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அந்த ஏற்பாட்டின் ஆயுள் அவருடைய ஓய்வு நேரத்தின் ஆயுள்தான்.

வாங்கிக்கொள்வது

நடத்துபவர் களைத்துப்போய் “நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் மகிழ்ச்சிதான். ஆனாலும் டொமைன் ஒன்று, உள்ளடக்கம் வேறு. டொமைனை மாற்றிக் கொடுத்ததால் கட்டுரைகளின், படங்களின் பதிப்புரிமை நமக்கு வந்துவிடாது. அதற்குத் தனியாக எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அவரிடம் இருக்கும் செய்திமடல் முகவரிகளை வாங்காதீர்கள். அந்த வாசகர்கள் முகவரி கொடுத்தது அவருக்கு, நூலகத்துக்கு அல்ல.

மாற்றும் வரிசை இது. டொமைன் எந்தச் சேவையகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளை, குறிப்பாக மின்னஞ்சலுக்கானவற்றை, முதலில் நகலெடுங்கள். அவர் டொமைனின் பூட்டைத் திறந்து மாற்றக் குறியீட்டைக் கொடுப்பார். அதை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள். ஊழியரின் சொந்தக் கணக்கில் போட்டால் அவர் ஓய்வு பெறும் நாளில் நூலகமே தன் டொமைனுக்கு அந்நியமாகிவிடும். பொது வகை டொமைன்களில் மாற்றம் முடிய ஐந்து நாள் வரை ஆகலாம். புதிதாகப் பதிவான அல்லது அண்மையில் மாற்றப்பட்ட டொமைனுக்கு 60 நாள் தடை இருக்கலாம். முடிந்தபின் ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நிகரான புதிய பக்கத்துக்கு 301 முறையில் (நிரந்தரத் திருப்பம்) திருப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பினால் வாசகரும் தொலைவார், தேடுபொறி கொடுத்த மதிப்பும் போய்விடும்.

தன்னார்வலர் இத்தனை ஆண்டுகள் கட்டிய கட்டணத்தை நூலகம் திருப்பிக் கொடுப்பது நியாயம். வெறும் விளம்பரத்தைப் போட்டுவிட்டு விலை கேட்கும் டொமைன் வியாபாரியின் கதை வேறு. அவரிடம் வாங்கினால் அடுத்த எழுத்துப்பிழை டொமைனோடு வருவார். வாசகர் உண்மையிலேயே ஏமாறுகிறார் என்ற சான்று இல்லாதவரை பொதுப்பணத்தை அங்கே கொட்ட வேண்டாம். வாங்கிய டொமைனை அப்புறம் கைவிடவும் முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

எடுக்கச் சொல்வது

பணமோ ரகசிய எண்ணோ பறிபோகிறது என்றால் மேலே சொன்ன பொறுமை எதுவும் வேண்டாம். அதே மணி நேரத்தில் தொடங்குங்கள். தளத்தை நடத்துபவருக்கு எழுதவே கூடாது, எழுதினால் அவன் இடம் மாறிவிடுவான். முதலில் சான்று. அடுத்து நூலகத்தின் முகப்பிலும் இரவல் மேசையிலும் எச்சரிக்கை. பிறகு தளத்துக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் டொமைன் பதிவு நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் புகார், ஆபத்தான தளங்களைப் பட்டியலிடும் கூகுள் சேஃப் பிரௌசிங்கில் பதிவு, பணம் வாங்கும் சேவைக்குத் தகவல், சைபர் குற்றப் பிரிவில் புகார். ஏமாந்த வாசகர்களின் ரகசிய எண்ணை உடனே மாற்றிக் கொடுங்கள்.

இவற்றில் கூகுள் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால், தளம் விழுவதற்கு முன்பே உலாவிகளில் சிவப்பு எச்சரிக்கை வந்துவிடும்.

டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத் திருத்தத்தின்படி, போலிப் பக்கம் காட்டி விவரம் பறிக்கும் ஃபிஷிங், தீநிரல் போன்றவற்றுக்குப் போதிய சான்று கொடுத்தால் பொது வகை டொமைன் பதிவு நிறுவனம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ‘போதிய சான்று’ என்பதில்தான் புகார்கள் விழுகின்றன. “எங்கள் பெயரைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்” என்று எழுதினால் அது பெயர்த் தகராறு என்று கோப்பை மூடிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: பக்கத்தின் முழு முகவரி இது, உறுப்பினர் எண்ணையும் அட்டை விவரத்தையும் கேட்கிறது, எங்கள் உண்மையான தளம் இது, பார்த்த நேரமும் நேர மண்டலமும் இவை, கைபேசியில் திறந்தபோதுதான் படிவம் தெரிந்தது. கடைசி விவரம் முக்கியம். சில போலிப் பக்கங்கள் கணினியில் வெறுமையாகவும் கைபேசியில் மட்டும் படிவத்தோடும் திறக்கும். புகார் பார்ப்பவர் கணினியில் திறந்து ஒன்றுமில்லை என்று போய்விடுவார். உண்மையான சேவையகம் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச் சேவைக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் புகாரை அந்தச் சேவைக்குக் கொடுங்கள், அவர்கள் பின்னால் இருப்பவருக்குக் கடத்துவார்கள்.

இதே கருவியைத் தவறான நேரம் போட்ட தளத்தின் மேல் பாய்ச்சினால் வேலை செய்யாது. பதிப்புரிமைக் கோரிக்கையும் அப்படித்தான். நூலகம் தானே எழுதிய உரைக்கும் தனக்குச் சொந்தமான படத்துக்கும் மட்டுமே அது செல்லும். வெளிப் புகைப்படக்காரர் எடுத்த கட்டடப் படத்துக்கு நூலகம் உரிமை கோரினால் எதிர்வாதம் வரும், அசிங்கமாகும்.

டொமைன் தகராறு மன்றம்

டொமைன் தகராறுகளை நீதிமன்றம் போகாமல் தீர்க்க ஐகேன் 1999-இல் ஏற்ற யூடிஆர்பி முறைதான் பலரும் மனத்தில் வைத்திருக்கும் பிரம்மாஸ்திரம். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் தாக்கல் செய்தால், ஐந்து டொமைன் வரை ஒற்றை நடுவருக்கான கட்டணம் 1,500 அமெரிக்க டாலர், வழக்கறிஞர் செலவு தனி. ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். கிடைப்பது டொமைன் மாற்றமோ ரத்தோ மட்டும்தான், இழப்பீடு இல்லை.

மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: டொமைன் நம் வணிகக் குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, எதிர்த்தரப்புக்கு அதில் நியாயமான நலன் இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவுசெய்து பயன்படுத்துகிறார். பொது நூலகம் முதல் படியிலேயே வழுக்குகிறது. இடத்தின் பெயரோடு ‘பொது நூலகம்’ என்று சேர்த்தால் அது வெறும் விவரிப்புப் பெயர். குறியைப் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது அந்தப் பெயர் கேட்டால் இந்த நிறுவனம்தான் நினைவுக்கு வரும் என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். லாப நோக்கமின்றி நேர்மையாகத் தகவல் தரும் வாசகர் தளத்துக்கு இரண்டாம் படியில் நல்ல பதில் இருக்கும், டொமைனே நூலகத்தின் பெயரை அச்சுப்பிசகாமல் கொண்டிருந்தால் மட்டும் அது பலவீனப்படும். ஆதாரமில்லாமல் மிரட்டவே வழக்குப் போட்டதாக நடுவர் கருதினால், டொமைனைப் பறிக்க முயன்றதாகத் தீர்ப்பிலேயே எழுதுவார். அது பகிரங்கமாக வெளியாகும். .in போன்ற நாட்டுக் குறியீட்டு டொமைன்கள் பலவற்றுக்கு விதிகள் தனி.

இந்த வழி பொருந்தும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: நூலகத்தின் சொந்தப் பழைய டொமைன் கைநழுவிப் போனது.

கைவிட்ட பழைய டொமைன்

மேலே சொன்ன தளங்கள் எல்லாவற்றையும்விட ஆபத்தானது நாமே உருவாக்கிக் கைவிட்டது. அந்த முகவரி புத்தக முத்திரையிலும் உறுப்பினர் அட்டையிலும் பக்கக்குறி அட்டையிலும் அச்சாகியிருக்கும், நூற்றுக்கணக்கான தளங்கள் அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கும். புதிய தளம் வந்துவிட்டது என்று யாரோ புதுப்பிக்காமல் விடுவார்கள். பொது வகை டொமைன் காலாவதியானபின் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள், கடைசியாக, நீக்கத்துக்கு முன் மீட்க முடியாத 5 நாள். அதன் பின் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், இதற்கென்றே நிரல் வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

போவது தளம் மட்டுமல்ல. அந்த டொமைனில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளும் புதியவரிடம் போகும். பதிப்பாளர் கணக்கு, மின்னூல் சேவை, சமூக ஊடகப் பக்கம் எதுவாவது பழைய முகவரியில் பதிவாகியிருந்தால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற பொத்தானை அவர் அழுத்தினாலே போதும். மீட்கக் கால அவகாசம் இருந்தால் எவ்வளவு அபராதமானாலும் மீளுங்கள், வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை. பொது வகை டொமைனை ஒரே தடவையில் பத்தாண்டு வரை பதிந்து வைக்கலாம். நினைவூட்டல் மின்னஞ்சல் குறைந்தது இருவருக்குப் போகட்டும், அதுவும் அந்த டொமைனில் இல்லாத முகவரிகளுக்கு.

மேசையில் இருப்பவருக்கு

இதற்கெல்லாம் முடிவெடுப்பது யார் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். கடிதம் அனுப்பத் தலைமை நூலகர் போதும், ஃபிஷிங் புகாருக்கு அன்றைய பணியில் இருப்பவரே போதும், டொமைன் வாங்கவும் வழக்குப் போடவும் நிர்வாகக் குழு. ஃபிஷிங் புகாருக்கும் குழுக் கூட்டம் வரை காத்திருந்தால் அதற்குள் எத்தனை வாசகர் ரகசிய எண்ணைக் கொடுத்திருப்பார்கள் என்று கணக்கே இருக்காது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, பூட்டிய கதவின் முன் கைபேசியை நீட்டி “ஆறு மணி வரை என்றுதானே போட்டிருக்கிறது?” என்று கேட்கும் வாசகரிடம் “அது எங்கள் தளம் இல்லை” என்பது பதிலாகாது. அவர் கையிலிருக்கும் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தாமதக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கத்தின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். விரிதாளில் அடுத்த வரி அதுதான்.